சைபர்பங்க் அனிமே: எங்கே தொடங்குவது, எதைக் கவனிப்பது

சைபர்பங்க் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பார்க்க ஆசை, எதில் தொடங்கலாம் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் 'கோஸ்ட் இன் த ஷெல்' என்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நண்பன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த பிரதி. சப்டைட்டில் மூன்று நொடி பிந்தி வந்துகொண்டிருந்தது. பாதிப் படத்துக்கு முன்பே தூங்கிவிட்டேன். படத்தைக் குற்றம் சொல்ல முடியாது. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் உட்கார்ந்தது என் தப்பு. அதே படத்தைப் பிறகு பலமுறை பார்த்துவிட்டேன், ஒருமுறைகூடத் தூக்கம் வரவில்லை.

நடுவில் பிடிபட்டது ஒரே ஒரு கேள்விதான்: இந்தக் கதையில் எது யாருக்குச் சொந்தம்? இந்த உடம்பு யாருடையது, இந்த நினைவு யாருடையது, இதற்கெல்லாம் பில் கட்டுவது யார்? நியான் விளக்கு, மழை, பறக்கும் வண்டி எல்லாம் கண்ணைப் பிடித்து இழுக்கும். ஆனால் நம்மை உட்கார வைப்பது இந்தக் கேள்விதான். கீழே சொல்லும் வரிசை அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போட்டது.

முதல் படி: பெயரைப் புரிந்துகொள்ளுங்கள், ஐந்து நிமிடம் போதும்

தொழில்நுட்பம் உச்சத்தில், வாழ்க்கை பாதாளத்தில். சைபர்பங்க் என்றால் அவ்வளவுதான். மூளைக்குள் கணினி இருக்கும், வீட்டு வாடகைக்குக் காசு இருக்காது. அரசாங்கத்தைவிடக் கம்பெனிகள் பெரிதாக இருக்கும். விண்வெளிக் கப்பல், வேற்றுக்கிரகப் போர் எல்லாம் வேறு கடை.

சைபர்பங்க் என்ற சொல் அமெரிக்காவில் பிறந்தது. புரூஸ் பெத்கே என்ற எழுத்தாளர் 1983இல் வெளியிட்ட ஒரு சிறுகதையின் தலைப்பு அது. அடுத்த ஆண்டு வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' நாவல் வந்தது. அதன் கதை தொடங்குவது டோக்கியோவுக்குப் பக்கத்தில் இருக்கும் சீபாவில். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. எண்பதுகளில் ஜப்பானின் பணமும் மின்னணுப் பொருட்களும் உலகத்தை மிரட்டிக்கொண்டிருந்தன. மேற்கத்திய எழுத்தாளர்கள் எதிர்காலம் என்றதும் ஜப்பானைக் கற்பனை செய்தார்கள். ஜப்பானியக் கலைஞர்களோ அதே பத்தாண்டில் உட்கார்ந்து, தங்கள் டோக்கியோ இடிந்து விழுவதை வரைந்துகொண்டிருந்தார்கள். அந்த இடி எங்கிருந்து வந்தது என்பதை 'அகிரா' வரும்போது பார்ப்போம்.

இரண்டாம் படி: புதிதில் தொடங்குங்கள்

'சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்', 2022, நெட்ஃபிளிக்ஸ். பத்தே எபிசோடு, ஒரு எபிசோடு அரை மணி நேரத்துக்கும் குறைவு. டிரிகர் ஸ்டூடியோ தயாரிப்பு, இயக்கம் ஹிரோயுகி இமாய்ஷி. 'சைபர்பங்க் 2077' என்ற போலந்து நாட்டு வீடியோ கேமின் உலகத்தில் நடக்கிறது. கேமை விளையாடியிருக்கத் தேவையே இல்லை.

முதல் எபிசோடை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அதில் நடப்பதைச் சொல்லிவிடுவேன், வேண்டாம் என்றால் அடுத்த படிக்குப் போய்விடுங்கள். டேவிட் பள்ளிக்கூடப் பையன். அம்மா அவசர மருத்துவ ஊழியர், ஓய்வே இல்லாமல் ஷிஃப்ட் பார்த்து அவனைப் பணக்காரப் பள்ளியில் படிக்க வைக்கிறாள். காலையில் வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிடுகிறது. பழுது இல்லை, காசு தீர்ந்துவிட்டது. துணி உள்ளே ஊறிக்கொண்டிருக்கிறது. அடுத்து ஒரு சாலை விபத்து. அம்மாவும் மகனும் நொறுங்கிய காருக்குள் கிடக்கிறார்கள். வானத்திலிருந்து ஒரு மருத்துவப் படை இறங்குகிறது. இருவரையும் சோதித்துப் பார்க்கிறது. நம் வாடிக்கையாளர்கள் இல்லை என்று தெரிந்ததும், சந்தா கட்டியவரை மட்டும் தூக்கிக்கொண்டு பறந்துவிடுகிறது.

சிரிக்க வைத்த வாஷிங் மெஷினும் நெஞ்சை அடைக்க வைத்த விபத்தும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: காசு தீர்ந்தால் இயந்திரம் நிற்கும். சலவையாக இருந்தால் என்ன, உயிராக இருந்தால் என்ன. இதை யாரும் வசனமாகப் பேசுவதில்லை. சைபர்பங்கின் கவர்ச்சி என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இருபது நிமிடத்தைத்தான் போட்டுக் காட்டுவேன்.

அதற்குப் பிறகு டேவிட் தன் முதுகெலும்பில் ராணுவக் கருவி ஒன்றைப் பொருத்திக்கொள்கிறான். நொடிகளை நீட்டிவிடும் வேகம் கிடைக்கிறது. ஒன்று பொருத்தினால் இன்னொன்று வேண்டும் என்று தோன்றும், கடைசியில் புத்தி பிசகும். இந்த உலகத்தில் அதற்கு 'சைபர்சைகோசிஸ்' என்று பெயர். அவன் உடம்பு எபிசோடுக்கு எபிசோடு எப்படிப் பருக்கிறது என்று கவனித்துக்கொண்டே வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரத்தமும் நிர்வாணமும் தாராளம். ஹாலில் அம்மா, அப்பாவோடு போடுகிற சமாசாரம் இல்லை. ஹெட்போன், உங்கள் அறை, பூட்டிய கதவு. சரியா?

மூன்றாம் படி: ஒரு போலீஸ் கதை

எட்ஜ்ரன்னர்ஸ் தெருவிலிருந்து மேலே பார்க்கிறது. 'சைக்கோ-பாஸ்' மேலேயிருந்து கீழே பார்க்கிறது. 2012இல் வந்தது, முதல் சீசன் 22 எபிசோடு. கதையை எழுதியவர் கென் உரோபுச்சி. 22ஆம் நூற்றாண்டு ஜப்பான். சிபில் என்ற அமைப்பு எல்லோருடைய மனநிலையையும் அளந்து, குற்றம் செய்யும் வாய்ப்பை ஓர் எண்ணாகச் சொல்கிறது. போலீஸின் துப்பாக்கிக்கு டாமினேட்டர் என்று பெயர். எதிரில் இருப்பவரின் எண் 100க்குக் கீழே இருந்தால் துப்பாக்கி பூட்டிக்கொள்ளும். 100ஐத் தாண்டினால் மயக்கும். 300ஐத் தாண்டினால் கொல்லும். முடிவு எண்ணுடையது, விசையை அழுத்துவது மட்டும் மனிதருடைய வேலை.

முதல் எபிசோடிலேயே இதன் சிக்கல் வந்துவிடுகிறது. கடத்தப்பட்டு வதைபட்ட ஒரு பெண். குற்றவாளியைப் போலீஸ் முடித்துவிடுகிறது. ஆனால் பயத்தில் அவளுடைய எண் ஏறிக்கொண்டே போகிறது. துப்பாக்கி இப்போது அவளைக் கொல்லச் சொல்கிறது. முதல் நாள் வேலைக்கு வந்த அகானே சுனெமோரி என்ன செய்கிறாள் என்று நீங்களே பாருங்கள். அந்த முடிவின் நிழல் தொடர் முழுக்க விழுகிறது.

இங்கே நம் கேள்வி கொஞ்சம் இடம் மாறுகிறது. உடம்பு அவரவருடையதுதான். ஆனால் அவர் நல்லவரா கெட்டவரா என்று சொல்லும் உரிமை வேறு யாரிடமோ இருக்கிறது. மதிப்பெண், கிரெடிட் ஸ்கோர், ரேட்டிங் என்று நாள் முழுக்க எண்களில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் சீசனை (2014) விட்டுவிடலாம் என்பது என் கருத்து. உரோபுச்சி எழுதாதது அப்பட்டமாகத் தெரியும். முதல் சீசன் முடிந்ததும் நேராக 2015இல் வந்த திரைப்படத்துக்குப் போங்கள்.

நான்காம் படி: 'அகிரா', பெரிய திரையில்

இனிமேல்தான் பழைய மலைகள். 'அகிரா'வை மொபைலில் பார்க்காதீர்கள். என் நண்பன் ஒருவன் இரவு பஸ்ஸில், ஐந்து அங்குலத் திரையில் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்லையே மச்சான்" என்றான். டிவி, லேப்டாப், நண்பர் வீட்டு ப்ரொஜெக்டர் என்று எது கிடைத்தாலும் சரி, அறையை இருட்டாக்கிக்கொள்ளுங்கள்.

இருட்டைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படத்தில் பாதிக்கு மேல் இரவு. அனிமேயில் இரவை வரைவது அந்தக் காலத்தில் தலைவலி, அதனால் பலரும் தவிர்ப்பார்கள். இயக்குநர் கட்சுஹிரோ ஒடோமோ தவிர்க்கவில்லை. 327 நிறங்கள் பயன்படுத்தினார்கள், அவற்றில் 50 இந்தப் படத்துக்கென்றே கலந்து உருவாக்கியவை. கையால் தீட்டிய செல்லுலாய்டு தாள்கள் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல். வழக்கமாக அனிமேயில் படம் வரைந்த பிறகுதான் குரல் பதிவு நடக்கும். இங்கே பெரும்பாலான வசனத்தை முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்கேற்ப வாயசைவை வரைந்தார்கள். நாயகன் கனேதாவின் சிவப்பு பைக் திரும்பும்போது பின்விளக்கு ஒரு சிவப்புக் கோடாக இருட்டில் நீண்டு நிற்கும். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ அனிமேக்களில் அந்த பைக் சறுக்கி நிற்கும் காட்சியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நீங்களே கண்டுபிடிக்கத் தொடங்குவீர்கள்.

சரி, அந்த இடி. படம் தொடங்குவது 1988 ஜூலை 16 என்ற தேதியோடு. டோக்கியோவின் நடுவில் ஒரு வெள்ளை ஒளிக் குமிழி, சத்தமே இல்லாமல் வளர்ந்து நகரத்தை விழுங்குகிறது. படம் ஜப்பான் திரையரங்குகளுக்கு வந்ததும் அதே தேதியில்தான். டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு, இன்றைக்கு உங்கள் ஊர் அழிந்தது என்று காட்டியிருக்கிறார்கள். அந்த ஒளி எதை நினைவூட்டும் என்று ஹிரோஷிமாவைக் கண்ட நாட்டுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

கதை அதற்கு 31 ஆண்டுகள் கழித்து, 2019இல், நியோ டோக்கியோவில். ஒலிம்பிக் போட்டிக்கு மைதானம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தெருவில் மாணவர் போராட்டம், கண்ணீர்ப்புகை, புது மதக் கும்பல், பைக் கும்பல், திறமையில்லாத அரசியல்வாதிகள். 1964 ஒலிம்பிக்குக்காக டோக்கியோவை இடித்துக் கட்டியதையும், அறுபதுகளின் மாணவர் கிளர்ச்சியையும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்காரர் ஒடோமோ. எதிர்காலம் என்று சொல்லி அவர் வரைந்ததில் பாதி கடந்த காலம். படத்தில் ஒரு பலகை வரும்: ஒலிம்பிக்குக்கு இன்னும் 147 நாள். கீழே யாரோ கிறுக்கியிருப்பார்கள், ரத்து செய் என்று. கதையில் அந்த ஒலிம்பிக் 2020க்கு. நிஜ டோக்கியோவுக்கும் 2020 ஒலிம்பிக் கிடைத்தது, கொரோனாவால் ஓராண்டு தள்ளியும் போனது. அந்தப் பலகையின் படம் அப்போது இணையம் முழுக்கச் சுற்றியது.

கடைசி அரை மணி நேரம் குழப்பும். பயப்பட வேண்டாம். ஒடோமோவின் மூல மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) 1982 முதல் 1990 வரை வந்தது, அதாவது படம் வெளியானபோது அது முடியவே இல்லை. இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் உள்ள கதையை இரண்டு மணி நேரத்தில் அடைத்தால் பிதுங்கத்தான் செய்யும். குழப்பமான இடங்களில் டெட்சுவோவின் முகத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலிருந்து கனேதாவின் நிழலில் வளர்ந்த பையன், அவன் பைக்கை ஓட்ட ஆசைப்பட்டவன். திடீரென்று அவன் உடம்பில் ஒரு சக்தி. அந்தச் சக்தியும் அவனுக்குச் சொந்தமில்லை என்று ராணுவம் சொல்கிறது.

ஐந்தாம் படி: இப்போது 'கோஸ்ட் இன் த ஷெல்'

மசமுனே ஷிரோவின் மாங்காவை வைத்து மமோரு ஓஷீ 1995இல் இயக்கிய படம். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. எந்தப் பதிப்பு என்று பார்த்து எடுங்கள். 2008இல் '2.0' என்று ஒன்றை விட்டார்கள், பழைய சில காட்சிகளைக் கணினி வரைகலையில் மாற்றி, பச்சை நிறத்தை ஆரஞ்சாக்கி. அது வேண்டாம். 1995 மூலமே போதும்.

மேஜர் மோட்டோகோ குசனாகி அரசுப் பாதுகாப்புத் துறையின் ஒன்பதாம் பிரிவில் வேலை பார்ப்பவள். மூளையின் ஒரு பகுதியைத் தவிர மற்றதெல்லாம் செயற்கை உடம்பு. விடுமுறை நேரத்தில் கடலில் மூழ்கி நீந்துவாள். படகில் உட்கார்ந்து சக ஊழியர் பாட்டோவோடு பேசும் இடம் ஒன்று வரும். வேலையை விட்டுப் போகும் உரிமை நமக்கு உண்டு, ஆனால் உடம்பையும் அதில் உள்ள நினைவுகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்கிறாள். ராஜினாமா செய்தால் கம்பெனி லேப்டாப்பைத் திருப்பிக் கேட்பார்களே, அதே போலத்தான், உடம்பைக் கேட்கிறார்கள். முதல்முறை பார்த்தபோது நான் தூங்கிப்போனது இந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால்.

அதற்கு முன்பே இன்னொரு காட்சி இருக்கிறது, என்னைக் கேட்டால் படத்தின் இதயமே அதுதான். ஒரு குப்பை வண்டித் தொழிலாளி. மனைவி விவாகரத்து கேட்கிறாள், மகளைப் பார்க்க விடவில்லை என்று கூட்டாளியிடம் புலம்பிக்கொண்டே இருக்கிறான். மகளின் போட்டோவைக் காட்டுகிறான். போலீஸ் பிடித்து உட்கார வைத்துச் சொல்கிறது: உனக்கு மனைவியும் இல்லை, மகளும் இல்லை. யாரோ உன் மூளைக்குள் புகுந்து அந்த நினைவைப் போட்டிருக்கிறார்கள். போட்டோவை மறுபடி பார்க்கிறான். அதில் அவனும் ஒரு நாயும்தான். இந்தப் பொய் நினைவை எப்படி அழிப்பது என்று கேட்கிறான். முழுசாக அழிக்க முடியாது என்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மேஜர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் நினைவுகளுக்கு மட்டும் யார் உத்தரவாதம்?

நடுவில் மூன்று நிமிடத்துக்கும் மேல் வசனமே இல்லாமல் நகரம் வரும். கால்வாய், மழை, விளம்பரப் பலகைகள், தலைக்கு மேல் தாழ்வாகப் பறக்கும் விமானம். ஹாங்காங்கைப் பார்த்து வரைந்த ஊர் அது, பலகைகளெல்லாம் சீன எழுத்தில். கதை நின்றுவிட்டதே என்று தள்ளி ஓட்டிவிடாதீர்கள். படகில் போகும் மேஜர் ஓர் உணவகத்தின் ஜன்னலில் தன் முகத்தையே கொண்ட இன்னொரு பெண்ணைப் பார்ப்பாள். ஒரே மாதிரி உடம்பு, கடையில் வாங்கியது போல. பின்னணியில் கென்ஜி கவாயின் கோரஸ் பாட்டு. பழைய ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு திருமணப் பாட்டு அது. திருமணம் எதற்கு என்பது படத்தின் முடிவில் புரியும்.

படம் பிடித்தால் 'ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்' தொடர், 2002, 26 எபிசோடு. அதே ஆட்கள், ஆனால் தனிக் கதை, படத்தின் தொடர்ச்சி இல்லை. இதில் கவனிக்க வேண்டியவர்கள் டச்சிகோமாக்கள்: குழந்தைக் குரலில் வாயாடும், சிலந்தி போன்ற சிறு டாங்கிகள். எல்லா டச்சிகோமாக்களும் நினைவுகளைப் பகிர்ந்து ஒன்றாக்கிக்கொள்ளும், அதனால் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பாட்டோ மட்டும் தனக்குப் பிடித்த ஒன்றுக்கு இயற்கை எண்ணெய் ஊற்றிச் செல்லம் கொடுக்கிறான். அப்புறம் என்ன, அது கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகிறது. அரசாங்கச் சொத்துக்குத் தனி மனசு வந்துவிட்டால் மேஜருக்கு நிம்மதி ஏது!

ஆறாம் படி: 'சீரியல் எக்ஸ்பெரிமெண்ட்ஸ் லைன்', ஒரு ராத்திரிக்கு ஒன்று

1998, 13 எபிசோடு, இயக்கம் ரியூடாரோ நகமுரா. இதை முதலில் பார்த்தவர்கள் பலர் பாதியில் ஓடிவிடுவார்கள், அதனால்தான் ஆறாவது இடம். தற்கொலையோடு தொடங்கும் கதை. மனம் சரியில்லாத நாட்களில் தொட வேண்டாம்.

இதில் நியான் அதிகம் கிடையாது. சாதாரணப் புறநகர், வெயில் கொளுத்தும் வெள்ளைத் தெரு, ரீங்கரிக்கும் மின்கம்பி. லைன் என்ற பள்ளி மாணவிக்கு, இறந்துபோன வகுப்புத் தோழியிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. வலைக்குள் இன்னொரு லைன் உலவுகிறாள், நிஜ லைன் சொல்லாததைச் சொல்கிறாள், தோழியின் ரகசியத்தைப் பரப்புகிறாள். எவை என் செயல், எவை என் பெயரில் நடந்தவை என்று அவளுக்கே தெரியாமல் போகிறது. தொலைபேசிக் கம்பியில் கிறீச்சிட்டு இணையம் வந்த காலத்தில் இதை எழுதியிருக்கிறார்கள். போலிக் கணக்கும் டீப்ஃபேக்கும் பார்த்துவிட்ட நமக்குத்தான் இன்னும் நன்றாகப் புரிகிறது.

ஒரேயடியாகப் பார்க்காதீர்கள். ஓர் இரவுக்கு ஓர் எபிசோடு. புரியவில்லை என்றால் விளக்க வீடியோ தேட வேண்டாம், அடுத்த எபிசோடு வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சில சில்லறை விஷயங்கள்

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வாசனை பிடித்தவர்களுக்கு 'பபிள்கம் கிரைசிஸ்', 1987 முதல் 1991 வரை எட்டு எபிசோடு. டிவிக்கும் தியேட்டருக்கும் போகாமல் நேராக வீடியோ கேசட்டில் வந்தது. ஜப்பானியர் வீட்டில் விசிஆர் பெருகிய காலம், தணிக்கை பற்றிக் கவலைப்படாமல் விரும்பியதை எடுத்தார்கள். பாட்டும் சிகையலங்காரமும் எண்பதுகளின் உச்சம். 'டெக்னோலைஸ்' (2003) இருட்டிலும் இருட்டு, மேலே சொன்னதெல்லாம் பிடித்த பிறகு தொடுங்கள். 'எர்கோ ப்ராக்ஸி' (2006) தொடக்கம் பிரமாதம், நடுவில் தத்துவ வகுப்பு எடுக்கும்.

வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கூட உட்காருவேன் என்று அடம்பிடித்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். 'டென்னோ காயில்' போடுங்கள், 2007, 26 எபிசோடு, மிட்சுவோ இசோ இயக்கியது. ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டு திரிவார்கள், அதன் வழியே தெருவின் மேல் இன்னொரு தெரு தெரியும். அங்கேயும் சொந்தம் கொண்டாடும் சண்டைதான்: நகராட்சியின் மென்பொருள் ஒன்று சட்டவிரோதமான இடங்களையெல்லாம் துடைத்துக்கொண்டு வரும், பிள்ளைகள் கோயில் வளாகத்துக்குள் ஓடி ஒளிவார்கள். கண்ணாடி போட்டால் மட்டும் தெரியும் டென்சுகே என்ற நாய் ஒன்று முதல் எபிசோடிலேயே வந்துவிடும். அதைத் தடவினால் கைக்குத் தெரியுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். அதைத் தொடரே சொல்லும்.